நாய்க்குத் தைத்த கோட்டு

கரண்ட் போன பிறகும் நாயின் முதுகு மின்னிக்கொண்டிருந்தது.

மார்கழியின் கடைசி வாரம், விடியற்காலை ஐந்தேகால். சுரங்கக் குடியிருப்பின் இருபத்தோராம் வட்டத்துத் தெருவிளக்குகள் ஒருமுறை சிமிட்டிவிட்டு வரிசையாக அணைந்தன. கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று ஜெயகணேஷ் நின்ற இடத்திலேயே நின்றார். குவார்ட்டர்ஸ் சுவர்களுக்கும் வேப்பமரங்களுக்கும் நடுவே பனி தரைவரைக்கும் இறங்கியிருந்தது. ஈரச் சாம்பலின் வாடை தொண்டையில் ஒட்டியது. சுரங்கத்தில் இரவு பகலாக ஓடும் கன்வேயரின் ஓசை, இங்கே குடியிருப்பவர்கள் கேட்பதையே விட்டுவிட்ட அந்த ஓசை, அன்றைக்கு மட்டும் பக்கத்துத் தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவர் பிடித்திருந்த வாரின் மறுமுனையில் கரடி நின்றது. கறுப்பு லாப்ரடார். குட்டியாக வந்தபோது கரடிக்குட்டி மாதிரி இருந்ததால் மகள் வைத்த பெயர். இருட்டில் அதன் உடம்பு தெரியாது. கழுத்துப்பட்டையில் மாட்டிய சிவப்பு விளக்கு மட்டும் தெரியும்.

ஆனால் அதற்குப் போட்டிருந்த கோட்டின் முதுகில் இருந்த இரண்டு வெள்ளிப் பட்டைகளும் பளீரென்று தெரிந்தன.

பின்னால் வண்டி வருகிறது என்று எண்ணி ஒதுங்கித் திரும்பினார். வண்டி இல்லை. பனிதான். மறுபடி நாயைப் பார்த்தார். பட்டைகள் இன்னும் சற்று நேரம் மின்னின. பிறகு, யாரோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதுபோல், அணைந்தன.

வேறொருவராக இருந்தால் எங்கிருந்தோ வெளிச்சம் பட்டிருக்கும் என்று நடையைத் தொடர்ந்திருப்பார். ஜெயகணேஷால் அப்படிப் போக முடியவில்லை. அந்தப் பட்டை எப்போது மின்னும், யாருக்கு மின்னும் என்று மாதாமாதம் நாற்பது பேருக்குச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றும் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிற ஆட்களை அனுப்பும் ஒரு தனியார் கான்ட்ராக்டரிடம் அவர் சேஃப்டி சூப்பர்வைசர். சுரங்க வேலையில் பெர்மனென்ட் அவருடைய மனைவி அகிலாதான். குவார்ட்டர்ஸ் அவள் பெயரில் கிடைத்தது. மாதம் ஒரு நாள் ஜெயகணேஷ் ஆட்களை ஷெட்டுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்துவார். ஒருவனுக்கு அதே பட்டை வைத்த ஜாக்கெட் போட்டுத் தூரத்தில் திரும்பி நிற்கச் சொல்வார். இன்னொருவன் கையில் டார்ச்சைக் கொடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அடிக்கச் சொல்வார். அடித்தவன் மட்டும் வியப்பில் சத்தம் போடுவான். தள்ளி நிற்கிறவர்களுக்கு அது மங்கலாகத்தான் இருக்கும். வெளிச்சம் எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகும், அதனால் விளக்கு வைத்திருக்கிறவன் கண்ணுக்குத்தான் அது மின்னும் என்று அவர் விளக்குவார்.

போன ஆவணியில் டார்ச்சைப் பிடித்தவன் வேணு. கம்மாபுரம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவன். ஒல்லியான ஆள், எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பான்.

"சார், இது என்னப் பாத்து மட்டும் சிரிக்குது சார்!" என்றான். ஷெட்டே சிரித்தது. ஜெயகணேஷும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்ததும் தெருவில் நின்றபடியே கணக்குப் போட்டார். பட்டை அவர் கண்ணுக்கு மின்னியது. அப்படியானால் விளக்கு அவர் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். காதோரமாக. தோளுக்கு மேலே.

அவர் கையில் டார்ச் இல்லை.

*

கோட்டு வந்த கதை ஐப்பசியில் தொடங்கியது. எதிர் வரிசை வீட்டு நாய் விடியலில் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. செய்தி கேட்ட மகள் கோயம்புத்தூரிலிருந்து தினமும் போன் செய்தாள். "அப்பா, அது கறுப்பு நாய்ப்பா. டிரைவருக்குத் தெரியவே தெரியாது. லைட்டும் கோட்டும் வாங்குங்க. இல்லன்னா வெளிய கூட்டிட்டே போகாதீங்க."

ஜெயகணேஷ் இதில் தேர்ந்தவர். ஒரு வாரம் போனைத் துருவினார். தொங்கவிடுகிற விளக்கு கரடி ஓடும்போது முன்காலுக்குள் போய் மறைந்துவிடும், வேண்டாம். கழுத்தைச் சுற்றி எரிகிற பட்டை நல்லதுதான், ஆனால் அதன் அடர்ந்த கழுத்து முடியில் பாதி புதைந்துவிடும். கடைசியில் மேல்பக்கம் நிற்கிற மாதிரி, மழை தாங்குகிற ஒரு சிவப்பு விளக்கை வாங்கினார். அணைந்து அணைந்து எரிந்தால் ஓட்டுகிறவனுக்குத் தூரம் பிடிபடாது என்று விடாமல் எரியும்படி வைத்தார். கோட்டுதான் அமையவில்லை. வந்த இரண்டும் நெஞ்சில் பத்தவில்லை. பட்டையும் விரல் அகலம்தான். நகத்தால் சுரண்டினால் உரிந்தது. அவருக்குத் தெரிந்த நல்ல பட்டை இரண்டு அங்குல அகலம். அது ஸ்டோர் ரூமில் இருந்தது.

பட்டை உரிந்த பழையவற்றைக் கழித்துவிட்டு வரவழைத்த புது ஜாக்கெட்டுகள் அந்த வாரம்தான் வந்திருந்தன. ஆளுக்கு ஒன்று, எண்ணி வந்தவை. மாற்றி எடுத்துச் சண்டை போடக்கூடாது என்று காலருக்கு உள்ளே மார்க்கரால் ஒவ்வொருவர் பேரையும் அவரே எழுதினார். கொடுத்த நாளில் வேணு மட்டும் வரவில்லை, பையனுக்குக் காய்ச்சல். மாலையில் ஸ்டோரைப் பூட்டும்போது மேசைமேல் ஒன்றே ஒன்று கிடந்தது. அவன் வந்தால் வேறு வரவழைத்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டார். மடித்துப் பைக்குள் வைத்தபோது சுற்றுமுற்றும்கூடப் பார்க்கவில்லை. அதுதான் பின்னால் அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

மெயின் பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் ஜான் பீவி அளவைக் கேட்டுவிட்டு இஞ்சி டேப்பைக் கீழே போட்டாள்.

"மாரு முப்பத்திநாலா? எங்க வூட்டுக்காரருக்கே முப்பத்தாறுதான் சார். நாய்க்கு என்னத்தப் போடறீங்க?"

"நாங்க தின்னறதுதான்."

"அப்ப அக்கா சமையல்ல குத்தமில்ல. நீங்கதான் இளைச்சிப் போயிட்டீங்க." சிரித்துக்கொண்டே ஜாக்கெட்டைத் திருப்பியவள் நிறுத்தினாள். "உள்ள யாரு பேரோ எழுதிருக்கே சார். இந்தத் துண்ட வெட்டிடவா?"

"இருக்கட்டும். உள்பக்கம்தானே."

மூன்று நாளில் கோட்டு வந்தது. அளவு அவ்வளவு பொருத்தம். வயிற்றுக்கடியில் ஒட்டுப்பட்டை, முதுகில் இரண்டு வெள்ளிக் கோடு. மகளுக்குப் படம் அனுப்பினார். அவள் நான்கு இதயம் அனுப்பினாள்.

வேணு வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே லிஸ்ட்டை நீட்டி, வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். அங்கே எல்லாவற்றிலும் அப்படித்தான். கையெழுத்து முதலில், சாமான் பிறகு. வேணு ஒரு வார்த்தை கேட்காமல் போட்டான். அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கினான்.

"ஜாக்கெட் வந்துச்சாங்க சார்?"

"அடுத்த லாட்ல வரும்டா."

ஒவ்வொரு திங்களும் கேட்பான். எரிச்சல் இல்லாமல், இரண்டு கையையும் நீட்டாத குறையாக. "வந்துச்சாங்க சார்?" அவரும் அலுக்காமல் சொன்னார். புதிதாக ஒன்று கேட்டு எழுதினால் இது எங்கே என்று கேள்வி வரும். அதனால் எழுதவில்லை.

மார்கழி எட்டாம் தேதி, முதல் ஷிஃப்டுக்குப் பனியில் வந்துகொண்டிருந்த வேணுவை ஒரு வெளியூர் லாரி பின்னாலிருந்து அடித்தது. ஆளை அடையாளம் காட்ட ஜெயகணேஷைக் கூப்பிட்டார்கள். டிரைவர் ரோட்டோரம் குந்தித் தலையில் கை வைத்திருந்தான். "ஒன்னுமே தெரியல சார். சத்தியமா ஒன்னுமே தெரியல. இருட்டோட இருட்டா இருந்தாரு."

வேணு நெற்றியில் ரப்பர் பட்டையோடு ஒரு விளக்கு மாட்டுவான். அது முன்னால் மட்டும்தான் காட்டும். பள்ளத்துத் தண்ணீருக்குள் அது எரிந்துகொண்டே கிடந்தது. போலீஸ் வந்து, ஆம்புலன்ஸ் வந்து, விடிந்து, வெயில் ஏறும்வரை எரிந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

*

மின்னியதைக் கண்ட அன்றிலிருந்து ஜெயகணேஷ் நாயைக் கோட்டில்லாமல் கூட்டிப்போனார். கோட்டு பின்கட்டு வராந்தாவில் ஆணியில் தொங்கியது. ஒரு நாள் பொழுது சாய்ந்து இருட்டிய நேரம், மறுபடி கரண்ட் போயிற்று. தண்ணீர் குடிக்கப் போனவர் வராந்தாவைப் பார்த்தார். ஆணியில் இரண்டு வெள்ளிக் கோடுகள், அப்போதுதான் திறந்த கண்கள்போல்.

"அகிலா. இங்க வா. அந்தக் கோட்டப் பாரு."

அகிலா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "எந்தக் கோட்டு? ஒன்னும் தெரியலயே. இருட்டா இருக்கு."

"மின்னுது பாரு."

"ஏங்க, கண்ணு டெஸ்ட் பண்ணி ரெண்டு வருசமாச்சு உங்களுக்கு." அவள் மெழுகுவத்தி தேடப் போனாள்.

அவர் தலையைச் சற்றே இடப்பக்கம் திருப்பினார். கோடுகள் அணைந்தன. நேராகத் திருப்பினார். எரிந்தன. நெற்றியின் நடுவில் ஏதோ குளிர்ந்தது. ஈர ரப்பரின் வாடை லேசாக வந்தது. கையை நெற்றிக்குக் கொண்டுபோகத் தைரியம் வரவில்லை.

*

வேணுவின் மனைவி சங்கீதா தைப் பொங்கல் கழிந்து ஒன்பதாம் நாள் வந்தாள். சாயங்காலம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஜாக்கெட்ட வாங்கிக்கினதா கையெழுத்து போட்டுக்கிறாராம் சார். ஆபீஸ்ல காட்டுனாங்க. அவரு கையெழுத்துதான். ஆனா வூட்ல இல்ல சார். பொட்டிலாம் கொட்டிப் பாத்துட்டேன்."

ஜெயகணேஷ் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வித்துக் குடிச்சிட்டான்னு பேசிக்கிறாங்க. எங்க மாமியாளே சொல்லுது. பெத்தவளே சொன்னா ஊரு என்னா சொல்லாது? எம் பையன் பள்ளிக்கூடத்துல சண்ட போட்டுகினு வரான், எங்கப்பா குடிக்காதுன்னு." அவள் அழவில்லை. அழுது முடித்த முகம். "அவரு பீடிகூடத் தொடமாட்டாரு சார். பணங்காசு கேட்டு வரலைங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். அவருக்குக் குடுக்கலன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க."

அப்போது பின்கட்டிலிருந்து கரடி ஓடிவந்தது. அகிலா அதற்குக் கோட்டு மாட்டியிருந்தாள். பனியில் தும்முகிறது என்று. கேட்டுக் கம்பிக்குள் மூக்கை விட்டு அது சங்கீதாவின் சேலையை மோந்தது. மோந்துகொண்டே தொண்டைக்குள் முனகியது. வீட்டு மனிதர்கள் ஊரிலிருந்து வரும்போது மட்டும் முனகுகிற முனகல்.

சங்கீதா குனிந்து அதன் முதுகைத் தடவினாள். ஆரஞ்சுத் துணியை, வெள்ளிப் பட்டையை, விரல்களால் ஒருமுறை முழுக்க.

"நல்லாக்கீது சார் சட்டை," என்றாள். "இதுக்கு ஒன்னும் ஆவாது."

அவள் விரலுக்கும் உள்ளே எழுதியிருந்த பேருக்கும் நடுவே ஒரு துணிதான் இருந்தது. சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். அவர் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து உள்பக்கம் இழுத்தார்.

"பாக்கறேம்மா," என்றார் ஜெயகணேஷ்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுவாரம் கான்ட்ராக்டர் ஆபீஸில் அவரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். விசாரணைக்கு அவர் வாக்குமூலம் வேண்டும். நாலு வரி. ஒன்று, உண்மையை எழுதி வேலையையும் மரியாதையையும் இழக்கலாம். இல்லையென்றால் செத்தவனே சுமந்துகொள்ளட்டும். பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பிறகு எழுதினார். 'மேற்படி நபருக்கு ஜாக்கெட் வழங்கப்பட்டது. சம்பவத்தன்று அவர் அதை அணியவில்லை.' இரண்டாவது வாக்கியத்தில் பொய் இல்லை என்று ஒரு கணம் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் தைப்பூசம்.

*

வடலூரில் முதல் ஜோதி தரிசனம் காலை ஆறு மணிக்கு. அகிலா நான்கு மணிக்கே பக்கத்து வீட்டாரோடு வேனில் கிளம்பிவிட்டாள். "பனி கொட்டுது. கோட்டு மாட்டிட்டேன், கழட்டிடாதீங்க. லைட்டும் போட்டுட்டேன்," என்று வாசலிலிருந்து சொன்னாள். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

ஐந்து மணிக்குக் கரடி கதவைப் பிறாண்டியது. கோட்டைக் கழற்றப் போனார். அது பல்லைக் காட்டியது. எட்டு வருடத்தில் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டியதில்லை. சாம்பல் நிற ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு வாரைப் பிடித்தார்.

வழக்கமான பக்கம் அது திரும்பவில்லை. வட்டத்தைத் தாண்டி, பள்ளிக்கூட மதிலைத் தாண்டி, லாரிகள் போகிற வெளிச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனது. அவர் நிறுத்த நினைத்தார். கால் நடந்தது. பனி திரை திரையாக விலகியது. ஒன்று விலகினால் அதற்குப் பின்னால் இன்னொன்று. ஏழு திரையும் விலகிய பிறகுதான் வடலூரில் ஜோதி தெரியும். இந்நேரம் அகிலா கைகூப்பி நின்றிருப்பாள். இங்கே எத்தனை திரை என்று அவருக்குத் தெரியவில்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டியது. எங்கோ ஒரு சைக்கிள் செயின் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்டது. நின்றால் அதுவும் நின்றது.

சாலை விளக்குகள் அணைந்தன.

கரடியின் முதுகு எரிந்தது.

இம்முறை அணையவில்லை. வெள்ளி, பழுக்கக் காய்ச்சியதுபோல். ஜெயகணேஷ் தன் கையை முகத்துக்கு முன்னால் நீட்டினார். கையும் வெளுத்துத் தெரிந்தது. ஒவ்வொரு ரேகையும். இடப்பக்கம் திரும்பினார், பனிக்குள் ஒரு வெள்ளைக் கம்பம்போல் வெளிச்சமும் திரும்பியது. வலப்பக்கம் திரும்பினார். அதுவும் வந்தது.

நெற்றியைத் தொட்டார்.

ரப்பர் பட்டை. ஈரம். பள்ளத்துத் தண்ணீரின் வாடை.

பிடுங்கினார். வரவில்லை. தோலோடு வந்தது வலி மட்டும்.

பின்னால், வெகு தூரத்தில், லாரி கியர் மாற்றியது.

அவருக்குத் தெரியும். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். நெற்றி விளக்கு முன்னால் மட்டும்தான் காட்டும். முதுகில் ஒன்றும் இல்லை. சாம்பல் நிற ஸ்வெட்டர். இருட்டோடு இருட்டு. ஓரமாக ஒதுங்க நினைத்தார். ஓரம் எந்தப் பக்கம்? காலுக்கடியில் தார் மட்டும். எங்கே அடி வைத்தாலும் தார்.

மண்டியிட்டார். நாயின் வயிற்றுக்கடியில் கையை விட்டார். ஒட்டுப்பட்டை கிழிந்து பிரிந்தது. கரடி கோட்டிலிருந்து நழுவியது, இருட்டுக்குள் கரைந்தது. சிவப்பு விளக்கு சிறிது தூரம் ஓடியது. அதுவும் போனது.

கையில் கோட்டு. உள்பக்கம் மேலே இருந்தது. நெற்றி வெளிச்சத்தில் அவருடைய கையெழுத்திலேயே அந்தப் பேர்.

எழுந்தார். கைகளைப் பின்னால் கொண்டுபோய்க் கோட்டைத் தன் முதுகில் வைத்து அழுத்தினார். நாய் அளவு. தோள்பட்டைக்குக்கூடப் பத்தவில்லை. இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். தெரியும். இப்போது தெரியும். டிரைவருக்குத் தெரியும்.

லாரி நெருங்கியது.

"குடுக்கல," என்றார் பனியைப் பார்த்து. "உனக்கு நான் குடுக்கல. நாந்தான் எடுத்தேன்."

"வந்துச்சாங்க சார்?"

காதுக்குப் பின்னால். எரிச்சல் இல்லாத குரல்.

முதுகிலிருந்த கோட்டை இரண்டு கைகள் வாங்கிக்கொண்டன. பிடுங்கவில்லை. கொடுத்ததை வாங்குவதுபோல், மரியாதையாக. விரல்கள் பட்டன. சில்லென்று. அவர் திரும்பவில்லை. துணி உதறும் சத்தம் கேட்டது. ஒட்டுப்பட்டை ஒட்டும் சத்தம் கேட்டது.

பிறகு ஹார்ன். நீளமாக. டிரைவர் எதையோ பார்த்துவிட்டான். டயர்கள் அலறின.

லாரி ஒதுங்கியது. சாலை நடுவே மின்னியவனுக்கு வழிவிட்டு, நன்றாகவே ஒதுங்கியது.

அவர் நின்ற பக்கமாக.